என்.எஃப்.1 உள்ள பிள்ளைக்கு முதுகெலும்பு வளைந்தால்: அறுவை சிகிச்சைக்குத் தயாராவது எப்படி

தோலில் காப்பி நிறத் திட்டுகளும் நரம்புகளின் மீது கட்டிகளும் தோன்றும் நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் முதல் வகை, அதாவது என்.எஃப்.1, ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் மரபணு நோய். 17ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுதே இதற்குக் காரணம். நம் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்ததா என்பதுதான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த நோய் உண்டாக அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். நோயுள்ளவர்களில் சுமார் பாதிப்பேருக்குப் பெற்றோர் இருவரிடமும் அந்தப் பழுது இருப்பதில்லை, அது புதிதாகவே நேர்கிறது.

இந்நோய் உள்ளவர்களில் 10 முதல் 30 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. இந்த வளைவைப் பருவ வயதில் பலருக்கு வரும் சாதாரண ஸ்கோலியோசிஸ் என்று எண்ணி அதே வழியில் அணுகுவதே பெற்றோரும் சில வேளைகளில் மருத்துவர்களும் செய்யும் பெரும் தவறு. எனவே அறுவை சிகிச்சை தேவையா என்று கேட்பதற்கு முன், இது எந்த வகை வளைவு என்று கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. பிள்ளையின் சட்டையைக் கழற்றி, பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல் முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். வளைவு இருந்தால், விலாப்பகுதி ஒரு பக்கம் மட்டும் உயர்ந்திருப்பது தெரியும். அப்படித் தெரிந்தால், நின்ற நிலையில் முதுகெலும்பு முழுவதையும் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அந்தப் படத்தில்தான் இரண்டு வகைகள் பிரிகின்றன. முதல் வகையில் எலும்பின் வடிவம் கெடாமல் வளைவு மட்டும் இருக்கும். இரண்டாவதான டிஸ்ட்ரோஃபிக் வகையில் நான்கு முதல் ஆறு முள்ளெலும்புகளுக்குள்ளேயே வளைவு கூர்மையாகத் திரும்பும். முள்ளெலும்புகளின் விளிம்பு அரித்தெடுத்ததுபோல் குழிந்திருக்கும். வளைவை ஒட்டிய விலா எலும்புகள் சீவிய பென்சில்போல் மெலிந்திருக்கும். இப்படி மெலிந்த விலா எலும்புகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், வளைவு வேகமாகக் கூடும் வாய்ப்பு மிக அதிகம். முதல் வகை என்று சொல்லப்பட்ட வளைவு பின்னாளில் இரண்டாம் வகையாக மாறுவதும் உண்டு. ஏழு வயதுக்கு முன் வளைவு தொடங்கிய பிள்ளைகளிடம் இம்மாற்றம் கூடுதலாகக் காணப்படுவதால், ஒருமுறை சாதாரணம் என்று சொன்னதை வைத்து நிம்மதியாக இருந்துவிடக்கூடாது.

எக்ஸ்ரே மட்டும் போதாது. முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் எவரும் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். தண்டுவடத்தை ஒட்டிக் கட்டிகள் இருக்கலாம். தண்டுவட உறை உப்பி, அதன் அழுத்தத்தில் எலும்பு தேய்ந்து தகடாகியிருக்கலாம். விலா எலும்பின் தலை, விரிந்துபோன நரம்புத் துளை வழியாகத் தண்டுவடக் கால்வாய்க்குள்ளேயே நுழைந்திருக்கலாம். இவற்றை அறியாமல் கம்பி வைத்து வளைவை நிமிர்த்தும்போது தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. சி.டி. ஸ்கேன், ஸ்குரூ பொருத்தும் அளவுக்கு எலும்பில் தடிமன் உள்ளதா என்பதைக் காட்டும். தடிமன் இல்லாத இடங்களில் கொக்கிகளையோ பட்டைகளையோ கொண்டு கம்பியைப் பிணைப்பார்கள். கழுத்தையும் படத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே உள்ள கூன், மயக்க மருந்து கொடுக்கக் குழாய் செருகும் நேரத்தில் ஆபத்தாகலாம்.

முதல் வகையில் வளைவின் கோணம் 20 பாகை வரை கண்காணிப்பு, 20 முதல் 40 வரை உடலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ், அதற்கு மேல் அறுவை சிகிச்சை என்பது பொதுவான நடைமுறை. டிஸ்ட்ரோஃபிக் வளைவைப் பிரேஸ் தடுத்து நிறுத்துவதில்லை. பிரேஸ் போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் ஓரிரு ஆண்டுகள் கழிந்து, வளைவு இருமடங்காகிய பிறகு வருவதைக் காட்டிலும், 20 பாகையைத் தாண்டிக் கூடிக்கொண்டே போகும்போதே அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்ப்பது மேல். வளைந்த பகுதியை எலும்பு ஒட்டு வைத்துப் பின்புறமாக இணைப்பதே அடிப்படை முறை. கூன் 50 பாகையைக் கடந்தால் முன்புறமாகவும் இணைக்க வேண்டிவரலாம். வளர்ச்சி மிச்சமுள்ள சிறு பிள்ளைகளுக்கு மார்புக்கூடும் நுரையீரலும் வளர இடம் வேண்டும் என்பதால், இடையிடையே நீட்டக்கூடிய கம்பிகளைப் பொருத்தி, இணைப்பைத் தள்ளிப்போடுவார்கள். காந்தத்தால் நீளும் கம்பிகள் எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுப்பதால், கட்டிகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய பிள்ளைக்கு அவை ஏற்றவையா என்று கேட்டே ஆக வேண்டும்.

வளைவு மிகக் கடுமையாக இருந்தால், முதலில் மண்டையோட்டில் ஊசிகளால் பொருத்திய வளையத்தின் வழியே எடையிட்டுப் பல வாரங்கள் மெல்ல இழுப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பிள்ளை சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் வாக்கரில் நடந்தும் பொழுதைக் கழிக்கலாம். ஊசித்துளைகளை நாள்தோறும் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். பார்ப்பது இரட்டையாகத் தெரிகிறது, விழுங்க முடியவில்லை, கை கால் மரத்துப்போகிறது என்று பிள்ளை சொன்னால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.

முள்ளெலும்பின் பின்புற எலும்புத் தகட்டை மட்டும் வெட்டியெடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் லேமினெக்டமி, நிலைநிறுத்தும் கம்பி இல்லாமல் தனியாகச் செய்யப்பட்டால் கூனைக் கூட்டிவிடும். அந்த யோசனை வந்தால் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள்.

அறுவை நாளுக்கு முன் இரத்த அழுத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். என்.எஃப்.1 உள்ளவர்களில் சிலருக்குச் சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கும். வேறு சிலருக்கு அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருக்கும். பின்னதை அறியாமல் மயக்க மருந்து கொடுத்தால் அழுத்தம் திடீரென உச்சத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால், இக்கட்டி இருந்தால் கூடும் மெட்டாநெஃப்ரின் என்ற வேதிப்பொருளின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை பற்றி மயக்க மருந்து நிபுணரிடம் கேளுங்கள். நுரையீரல் செயல்திறன் சோதனையும் வைட்டமின் டி அளவும் அவசியம். இந்நோயில் எலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது வழக்கம். நரம்புக்கட்டிகளில் இரத்தக் குழாய்கள் மண்டிக்கிடப்பதால் இரத்தப்போக்கு அதிகமாகலாம். எனவே இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து, சிந்தும் இரத்தத்தைச் சேகரித்துத் திரும்பச் செலுத்தும் செல் சேவர் கருவி, அறுவை முழுவதும் தண்டுவடத்தின் மின்சமிக்ஞையைக் கவனிக்கும் நியூரோ மானிட்டரிங் ஆகியவை அந்த மருத்துவமனையில் உள்ளனவா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இது வரை எத்தனை என்.எஃப்.1 வளைவுகளைச் சரிசெய்திருக்கிறீர்கள் என்று நிபுணரிடம் நேரடியாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அறுவைக்குப் பிறகும் இந்த எலும்பு எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை. ஒட்டு சேராமல் கம்பி முறிவதும், இணைத்த பகுதிக்கு மேலோ கீழோ வளைவு புதிதாகத் தொடங்குவதும் நடக்கும் என்பதால் சி.டி. மூலம் இணைப்பைச் சரிபார்ப்பதும், வளர்ச்சி முடியும் வரை ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுப்பதும் தேவை. தலையைத் தூக்கினால் தலை வலித்து, படுத்தால் குறைவது தண்டுவட உறையிலிருந்து நீர் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். நடை தடுமாறுதல், சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமை, இரவிலும் விடாத வலி, ஏற்கெனவே இருந்த கட்டி சில வாரங்களில் பெரிதாகி இறுகுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடைசியாகச் சொன்னது புற்றுநோயாக மாறும் கட்டியின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.