மீன் இழுக்கும்போது ஆன்ட்டி-ரிவர்ஸ் சுவிட்சில் கை வைக்காதீர்கள்

போன ஞாயிறு மூக்கையூர் அலைதடுப்புக் கல்லில் பக்கத்தில் நின்ற தம்பிக்கு தூண்டிலில் நல்ல பாரை மீன் ஒன்று அடித்தது. ராடு வளைந்ததும், நரம்பு (தூண்டில் நூல்) சுற்றும் ரீலின் அடியில் இருந்த ஆன்ட்டி-ரிவர்ஸ் சுவிட்சைத் தட்டி ஆஃப் செய்துவிட்டார். பல வருஷத்துக்கு முன்னால் தேவிபட்டினத்தில் நான் செய்த அதே காரியம். பெயிலை (நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் கம்பி வளைவு) மூட மறப்பது, முடிச்சு நழுவுவது எல்லாம் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும். இது அப்படியில்லை.

மீன் ஓடும்போது சுவிட்சைத் தட்டுவது

சுவிட்ச் ஆனில் இருந்தால் கைப்பிடி பின்னால் சுற்றாது. மீன் இழுக்கும்போது, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுழன்று நரம்பு விடும். எவ்வளவு இறுக்கத்தில் விடுவது என்பது டிராக்கின் வேலை, அதுதான் ஸ்பூலுக்கு பிரேக். ஆஃப் செய்தால் ஸ்பூல் அப்படியே நிற்க, அதைச் சுற்றி வரும் ரோட்டரும் கைப்பிடியும் பின்னால் சுற்றும். டிராக் இருந்தும் பயனில்லை.

தம்பி டிராக்கை முழுக்க இறுக்கி வைத்திருந்தார். கைப்பிடி விர்ரென்று சுற்றி விரல் முட்டியில் அடித்தது. மீன் ஒரு கணம் நின்றது, ரோட்டர் நிற்கவில்லை. தொய்ந்த பிரெய்டு (பின்னல் நரம்பு) ரோட்டருக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. அடுத்த இழுப்பில் அறுந்தது. "விட்டுப் பிடிக்கணும்ல அண்ணே, கடையில அப்படித்தான் சொன்னாங்க" என்றார். இதைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. விட்டுப் பிடிக்கத்தானே டிராக்! தேவிபட்டினத்தில் எனக்கு மீனோடு நூறு மீட்டர் பிரெய்டும் போனது.

வீட்டிலேயே நரம்பைத் தொங்கு தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள். 10 கிலோ தாங்கும் நரம்பென்றால் இரண்டரை, மூன்று கிலோவில் ஸ்பூல் சுழல வேண்டும். மீன் மாட்டிய பிறகு கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் டிராக் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

பார்க்காமல் எறிவது

பைக்கில் ராடைக் கட்டி வரும்போது உரசியே சுவிட்ச் ஆஃப் ஆகிவிடும். எறியும் முன் கைப்பிடியைப் பின்னால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

ஒருவழி பேரிங்கில் கெட்டி கிரீஸ்

வேண்டாம். கைப்பிடியை முன்னால் மட்டும் சுற்ற விடுவது இந்த பேரிங்தான். கிரீஸில் அதன் உருளைகள் ஒட்டிக்கொண்டு, சுவிட்ச் ஆனில் இருந்தாலும் கைப்பிடி பின்னால் நழுவும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

சுவிட்ச் இல்லாத ரீலை மட்டமாக நினைப்பது

இப்போது நல்ல ரீல்கள் பலவற்றில் சுவிட்சே கிடையாது. உப்புத் தண்ணீர் உள்ளே போக ஒரு வழி குறைவு. நம் கடலுக்கு அதுதான் நல்லது.

அப்புறம் சுவிட்ச் எதற்கு?

எறியும் முன் தூண்டில் முள், ராடு நுனிக்கு ரொம்பப் பக்கத்தில் ஏறிவிட்டால் ஒரு சாண் இறக்கிக்கொள்ள. இறக்கிய கையோடு ஆனில் போட்டுவிடுங்கள்.