வெட்டா, கீறலா? ஆதிமனிதர் பெரிய விலங்குகளை அறுத்த தடயங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் கிடைத்த இரண்டு எலும்புத் துண்டுகள் 2010இல் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பின. ஒன்று மாட்டளவு விலங்கின் விலா எலும்பு, மற்றது ஆட்டளவு விலங்கின் தொடை எலும்பு. வயது ஏறக்குறைய 34 லட்சம் ஆண்டுகள். அவற்றின் மேல் இருப்பவை கல்லால் அறுத்த தடங்கள் என்று கண்டெடுத்தவர்கள் எழுதினார்கள். அதே ஆண்டு மறுப்பு வந்தது: பருமணலில் கிடந்து விலங்குகளின் காலில் மிதிபட்ட எலும்பிலும் இப்படித்தான் கோடு விழும். 2017இல் இன்னொரு குழு, முதலைப் பல்லும் இதே மாதிரி பதியும் என்றது. 2015இல் கென்யாவின் லொமெக்வியில் 33 லட்சம் ஆண்டுப் பழைய கற்கருவிகள் கிடைத்த செய்தி வந்தபோது டிக்கிகா தரப்புக்குத் தெம்பு வந்தது உண்மைதான். ஆனால் பக்கத்து நாட்டில் கருவி இருந்தது என்பதால் இந்த எலும்பின் கோடு வெட்டு ஆகிவிடாது. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இந்தத் தாவலில்தான் பிறக்கிறது.

கோட்டின் வடிவத்தை மட்டும் நம்புவது

கல்லின் விளிம்பு பார்க்கக் கூராக இருந்தாலும் வழவழப்பானது அல்ல. அதனால் கல் அறுத்த பள்ளம் ஒடுங்கி, குறுக்குவெட்டில் ஆங்கில 'வி' போல இருக்கும். பள்ளத்துக்குள்ளே நீளவாக்கில் மயிரிழைக் கோடுகள் ஓடும், ஓரத்தில் சின்னச் சின்னச் சிதைவு தெரியும். இரும்புக் கத்தி போட்ட பள்ளம் இதைவிடச் சுத்தமாக இருக்கும், உள்கோடுகள் அநேகமாக இருக்காது. கழுதைப்புலி, சிங்கம் போன்றவற்றின் பல் 'யு' வடிவில் அகலமாக இழுக்கும். கூடவே குழிகளும், கடித்துக் குதறிய எலும்பு முனைகளும் இருக்கும். முள்ளம்பன்றி, எலி கொறித்தால் தட்டையான அடியுள்ள வாய்க்கால்கள் இரண்டிரண்டாக வரும். செடியின் வேர் அரித்த தடம் கிளை பிரிந்து நெளியும்.

இவ்வளவும் தெரிந்தவர்களே ஏமாறுவது இரண்டு இடங்களில். மிதிபட்ட எலும்பில் மணல் துகள் உரசுவதால் அங்கும் உள்கோடுள்ள பள்ளம் விழும். ஆனால் அது ஆழமில்லாமல், வளைந்து, எல்லாத் திசையிலும் சிதறியிருக்கும், சுற்றிலும் மேற்பரப்பே பொடிக்கீறலாகக் கிடக்கும். அடுத்தது முதலை. அதன் பல்லில் கத்தி முனை போல ஒரு விளிம்பு உண்டு. அதனால் ஒடுங்கிய 'வி' பள்ளமும் வரும். நடுவில் கோடு பிளந்த குழி ஒன்று அதே எலும்பில் தென்பட்டால் முதலையை முதலில் சந்தேகியுங்கள். ஆதிமனிதர் நடமாடியது ஏரிக்கரையும் ஆற்றங்கரையும்தான், முதலை இருந்ததும் அங்கேதான்.

வடிவத்தோடு இடத்தையும் பார்க்க வேண்டும். கறிக்கடையில் ஆட்டுத் தொடையைக் கூறுபோடுபவரின் கையைக் கவனித்தால் கத்தி கண்ட இடத்தில் போகாது. மூட்டுப் பிரிக்கும்போது மூட்டைச் சுற்றி, தசை எடுக்கும்போது தண்டின் மேல் தசைநார் ஒட்டும் இடத்தில், தோல் உரிக்கும்போது கறியே இல்லாத கணுக்காலிலும் தலையிலும். பழைய எலும்பிலும் அந்தக் காரணம் தெரிய வேண்டும். கறியும் நாரும் இல்லாத இடத்தில் தனியாக ஒரு கோடு நின்றால் அதைச் சந்தேகக் கணக்கில் வையுங்கள்.

பார்க்கும் முறை எளிது, அவசரம்தான் கெடுக்கும். 10 முதல் 16 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் வலுவான விளக்கு, எலும்பை எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கும் பொறுமை. நேர்மேலே விளக்கு வைத்தால் நிழல் விழாது, பாதித் தடம் கண்ணில் படாது. அகழ்வுக் கரண்டி, சல்லடை, அளவெடுக்கும் காலிப்பர் எல்லாமே எலும்பைக் கீறும். அந்தக் கீறல் சுற்றுப்புறத்தைவிட வெளிறியிருக்கும். பள்ளத்துக்குள் பழைய மண்ணோ சுண்ணாம்புப் படிவோ இறுகியிருந்தால் தடம் பழையது என்று சொல்லத் துணியலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சொந்தமாக ஒரு தொகுப்பு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கடையில் பத்து நல்லி எலும்பு வாங்குங்கள், கறியும் சவ்வும் ஒட்டியபடி, கத்தி அதிகம் படாததாக. மூன்றைக் கற்சில்லால் அறுங்கள், மூன்றை இரும்புக் கத்தியால், மூன்றைச் சுத்தம் செய்தபின் மணலில் போட்டு மிதியுங்கள். ஒன்றை எதுவும் செய்யாமல் வையுங்கள், கடைக்காரர் கத்தி விட்ட தடம் எது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். சுத்தம் செய்யும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒட்டிய கறியைக் கத்தியால் சுரண்டினால் தொகுப்பே பாழ். என்சைம் கலந்த சலவைத்தூளைப் போட்ட வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுக் கையால் உரித்தால் போதும்.

பெரிய ஆய்வுகளும் இதைத்தான் பெரிய அளவில் செய்கின்றன. நைரோபி அருங்காட்சியகத்தில் இருந்த, 14.5 லட்சம் ஆண்டுப் பழைய ஒரு கீழ்க்கால் எலும்பைப் பற்றி 2023இல் வந்த ஆய்வு நல்ல பாடம். அது விலங்கினுடையது அல்ல, மனித இனக்குடும்பத்தின் எலும்பு. பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் பொருளால் 11 தடங்களையும் அச்செடுத்து, காரணம் தெரிந்த 898 தடங்களோடு ஒப்பிட்டார்கள். 9 வெட்டு, 2 கடி என்று வந்தது. வெட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. பிடித்த பிடியை மாற்றாமலே ஒரு கை வரிசையாகப் போட்டிருக்க முடியும்.

பக்கத்தில் கிடந்தது என்பதற்காகச் சேர்த்துப் படிப்பது

ஸ்பெயினின் டோரால்பாவிலும் அம்ப்ரோனாவிலும் யானை எலும்பும் கற்கருவியும் ஒன்றாகக் கிடந்தன. 1960களின் அகழாய்வுக்குப் பிறகு, நெருப்பு மூட்டி யானைகளைச் சேற்றில் விரட்டிக் கொன்றார்கள் என்ற சித்திரம் பரவிவிட்டது. 1980களில் எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது தெளிவான வெட்டுத்தடங்கள் கைவிரல் கணக்கில்தான் தேறின. நீரோட்டம் எலும்பையும் கல்லையும் ஒரே பள்ளத்தில் கொண்டுவந்து சேர்க்கும், அதற்கு விருந்து நடந்திருக்க வேண்டியதில்லை. நீளமான எலும்புகள் ஒரே திசை பார்த்துக் கிடக்கின்றனவா, விளிம்புகள் மழுங்கியிருக்கின்றனவா, கருவி செதுக்கும்போது தெறிக்கும் பொடிச் சில்லுகள் மட்டும் காணவில்லையா என்று பாருங்கள். மூன்றும் ஆம் என்றால் தண்ணீரின் வேலை.

காஷ்மீரின் பாம்பூர் இதைவிட நுட்பமானது. 2000இல் கிடைத்த யானை எலும்புகளுடன் 87 கற்கருவிகள் இருந்தன. வயது 3 முதல் 4 லட்சம் ஆண்டுகள். கருவிகளின் கல் அந்த இடத்தது அல்ல, எங்கிருந்தோ எடுத்துவந்தது. கல்லால் அடித்துத் தெறித்த எலும்புச் சில்லுகளும் உண்டு. ஆகவே மனிதர் அந்த யானையின் மேல் கைவைத்தார்கள் என்று 2024 ஆய்வுகள் சொல்வதற்கு வலு இருக்கிறது. கொன்றார்கள் என்பதற்கு இல்லை. ஒரு யானையின் மண்டையோட்டில் நாள்பட்ட சைனஸ் நோயின் அடையாளம் இருக்கிறது. அது தானாகச் செத்திருக்கவும் கூடும்.

தடமில்லை என்றால் அறுக்கவில்லை என்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. யானையின் எலும்பைத் தடித்த சவ்வும் குருத்தெலும்பும் மூடியிருக்கும், கறியும் அவ்வளவு கனம். தேர்ந்த கை எலும்பைத் தொடாமலே மணிக்கணக்கில் கறி எடுக்க முடியும். எலும்பில் பட்டால் கல் மழுங்கும் என்பதால் தொடாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனமும். அதனால் யானை எலும்பில் வெட்டு குறைவாக இருப்பதை மான் எலும்பின் அளவுகோலால் அளக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு: யானையின் கால் எலும்பில் நல்லி எலும்பைப் போல மஜ்ஜை நிறைந்த குழாய் கிடையாது, உள்ளே பஞ்செலும்பு அடைத்திருக்கும். கொழுப்பு அதற்குள் ஊறியிருக்கும். 'உடைத்து மஜ்ஜையை உறிஞ்சினார்கள்' என்று மாட்டெலும்புக்கு எழுதுவதை அப்படியே யானைக்கு எழுதினால் உடற்கூறு தெரிந்தவர் சிரிப்பார்.

ஜெர்மனியின் நோய்மார்க்-நோர்டில் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய, 70க்கும் மேற்பட்ட நேர்த்தந்த யானைகளின் (இன்று அழிந்துபோன இனம்) எலும்புகள் கிடைத்தன. அங்கே வெட்டுத்தடங்கள் தாராளம். அதோடு, செத்தவற்றில் பெரும்பான்மை வளர்ந்த ஆண்கள். இயற்கைச் சாவு என்றால் குட்டியும் கிழமும்தான் அதிகம் இருக்கும். ஆண் யானை தனியே திரியும், கூட்டத்தை எதிர்கொள்ள வேண்டியதில்லை. அங்கிருந்த நியாண்டர்தால்கள் (அழிந்துபோன மனித இனம்) வேட்டையாடினார்கள் என்ற முடிவு தடம், வயது, பாலினம் மூன்றும் சேர்ந்ததால் நிற்கிறது.

உடைந்த எலும்பைக் கண்டதும் சுத்தியலைத் தேடுவது

பச்சை எலும்பு சுருளாக, சாய்வான விளிம்போடு, வழவழப்பாக உடையும். காய்ந்தது குறுக்கே, செங்கோணத்தில், சொரசொரப்பாக உடையும். இதைப் படித்துவிட்டுச் சுருள் முறிவு எல்லாம் மனிதன் கை என்று எழுதுபவர்கள் உண்டு. ஜிம்பாப்வேயின் நீர்நிலைகளில் செத்த யானைகளின் எலும்பை உயிரோடிருக்கும் யானைகளே மிதித்து இப்படி முறிப்பது பதிவாகியிருக்கிறது. கலிபோர்னியாவில் 1992இல் சாலைப் பணியின்போது கிடைத்த மாஸ்டடான் (யானையைப் போன்ற, அழிந்துபோன விலங்கு) எலும்புகளைக் கொண்டு, 1.3 லட்சம் ஆண்டுக்கு முன்பே அமெரிக்காவில் மனிதர் இருந்தார்கள் என்று 2017இல் சொன்னார்கள். புதைந்திருந்த எலும்பின் மேல் கனரக வண்டி ஓடினாலும் அதே முறிவு வரும் என்பது எதிர்த்தரப்பு. அடித்த புள்ளியில் குழி, அதைச் சுற்றி நுண்கீறல், உள்பக்கம் தெறித்த அரைவட்டச் சில்லு ஆகியவை சேர்ந்து இருந்தால்தான் கல்லடி என்று பேச்சை ஆரம்பிக்கலாம்.

கணக்கெடுப்பில் நடப்பவை

தென்னாப்பிரிக்காவின் மகாபான்ஸ்காட்டில் சில எலும்புப் பகுதிகள் மட்டுமே மிஞ்சியிருந்ததைப் பார்த்து, ஆதிமனிதர் அவற்றை ஆயுதமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றார் ஆய்வாளர் ரேமண்ட் டார்ட். இன்னொரு ஆய்வாளர் சி.கே. பிரெய்ன் நமீபியக் கிராமங்களில் தின்று எறிந்து, நாய் கடித்த ஆட்டெலும்பை எண்ணினார். அங்கும் அதே விகிதம். மேல்கை எலும்பின் மேல்முனை பஞ்சு போன்றது, நாய் தின்றுவிடும். கீழ்முனை கெட்டி, அது தப்பிக்கும். தேர்வு செய்தது பல், மனிதன் அல்ல.

அதே நாட்டின் க்ளாசிஸ் ஆற்றுமுகக் குகையில் தவறு அகழ்ந்தவர்கள் பக்கம். 1967–68இல் அடையாளம் காணக் கடினமான தண்டுத் துண்டுகளைத் தூக்கிப்போட்டார்கள். கறி இருப்பதே தண்டில்தான், வெட்டு விழுவதும் அங்கேதான். மிச்சமிருந்த தலையையும் பாதத்தையும் வைத்து, பெரிய விலங்குகளை இவர்கள் வேட்டையாடவில்லை, சிங்கம் விட்டதைப் பொறுக்கினார்கள் என்று 1984இல் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட் எழுதினார். பழைய தொகுப்பைக் கையிலெடுத்தால் எலும்பைத் தொடும் முன்பே, எதை எறிந்தார்கள் என்று பதிவேட்டில் தேடுங்கள்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழைய கைக்கோடரிகள் கிடைத்தன. எலும்பு என்று சொல்லச் சில விலங்குப் பற்களே உண்டு. நம் செம்மண் எலும்பை வைத்திருப்பதில்லை. அங்கே கறி தின்றார்களா என்ற கேள்விக்கு எலும்பில்லாமை 'இல்லை' என்ற பதில் ஆகாது.

வேட்டையா, பொறுக்கலா?

ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த தடங்களின் வரிசைதான் இதற்கு நெருங்கிய சாட்சி. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில், சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன், விலங்கெலும்பில் வெட்டின் மேல் பல்தடம் ஏறியிருக்கிறது. மனிதர் முதலில், விலங்கு பிறகு. தலைகீழாக இருந்தால் எச்சில் கறி. வரிசை சொன்னாலும் அது யார் முதலில் வந்தார் என்பதைத்தான் சொல்லும், கொன்றது யார் என்பதை அல்ல. அதற்கு வேறு வகை எலும்பு வேண்டும். பொறுக்கித் தின்றவர்கள் என்று பெயர் வாங்கிய அதே க்ளாசிஸில் அப்படி ஒன்று இருந்தது: பெரிய கொம்புள்ள, இன்று அழிந்துபோன காட்டெருமையின் கழுத்து முள்ளெலும்பு ஒன்று. அதற்குள் ஒரு கல்முனை முறிந்து சொருகியிருக்கிறது.