சாய்தளத்தில் முறுக்கிய கார்

கும்பகோணத்தில் எங்கள் வீடு, வெள்ளத்துக்குப் பயந்து தெருவைவிட 2 அடி உயரத்தில் கட்டியது. வாசல் சாய்தளமோ 8 அடிதான். கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரை, அதன் அடிப்பாகம் தரையில் தட்டாமல் இருக்கக் குறுக்காக ஏற்றுவேன். அப்போது ஒரு மூலை தூக்கி, பக்கத்து மூலை தாழ்ந்து, காரின் அடிச்சட்டமான சேஸிஸே முறுக்கிக்கொள்ளும். இரும்புக் கூரை இருந்தால் அந்த முறுக்கலை அதுவும் தாங்கும். இதில் அது இல்லையே. பாதி ஏற்றத்தில் கதவை மூடினால் பூட்டு கொக்கியில் இடித்தது. சமதரையில் அழகாக மூடியது. சரி, கோளாறு கதவில் இல்லை என்று புரிந்தது.

கொத்தனாரை வைத்துச் சாய்தளத்தை 14 அடியாக நீட்டினேன். அடியிலும் உச்சியிலும் 3 அடிக்குச் சரிவைப் பாதியாக்கியதுதான் முக்கியம். இப்போது நேராகவே ஏற்றுகிறேன். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறுகின்றன, அடிப்பாகமும் தட்டுவதில்லை.