எஸ்கியூலைட்டை விட்டு மாறும் முன் ஒரு சின்னச் சோதனை

எஸ்கியூலைட் என்ற, ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளத்தில் இருக்கும் தரவைப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வருக்கு மாற்றும் முன், அட்டவணைகளில் எண் இருக்க வேண்டிய ஒவ்வொரு பத்தியிலும் மதிப்பின் வகையைச் சொல்லும் 'டைப்ஆஃப்' ஃபங்ஷனை ஓடவிட்டு, வகைவாரியாக எத்தனை வரிகள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நள்ளிரவில் இறக்குமதி பாதியில் நிற்கும் தொல்லை மிச்சம்.

எஸ்கியூலைட் சாதாரணமாகப் பத்தியின் வகையைக் கட்டாயப்படுத்துவதில்லை. திருநெல்வேலி டவுனில் ஓர் அல்வாக் கடையின் பில் மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைப் பத்தியை 'ரியல்' (தசம எண்) என்றே அறிவித்திருந்தாலும், மாலைக் கூட்டத்தில் யாராவது 0.25-க்குப் பதில் 'கால் கிலோ' என்று தட்டினால், அதையும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். எண்ணிக்கையில் 'ரியல்' வரிகளுக்குக் கீழே 'டெக்ஸ்ட்' (எழுத்து) மூன்று என்று வந்தால், குற்றவாளிகள் அவைதான். போஸ்ட்கிரெஸ் அந்த வரியைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். அதுகூடத் தேவலை. கண்டிப்பு முறையை அணைத்துவைத்த மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள சர்வரோ, அதைப் பூஜ்யமாக்கி ஓர் எச்சரிக்கையோடு நகர்ந்துவிடும். கணக்கு உதைப்பது மாதக் கடைசியில்தான் தெரியும்.

தேதிப் பத்திகளுக்கு இந்தச் சோதனை உதவாது: எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. 2021-இல் 3.37 பதிப்போடு வந்த, வகையைக் கட்டாயப்படுத்தும் 'ஸ்ட்ரிக்ட்' அட்டவணைகளில் எண் பத்திகளுக்கு இது தேவையும் இல்லை. ஒரே கவுண்டர், ஒரே கணினி என்றால் சர்வருக்கு மாறுவதே வீண் வேலை.