கலப்பிலிருந்து ஓர் இனத்தை எடுப்பது: ராபாவும் கருங்கடுகும்

இந்தியக் கடுகு, அதாவது பிராசிகா ஜன்சியா, கலப்பில் பிறந்த இனம். தாய் பிராசிகா ராபா, டர்னிப் சேர்ந்த இனம்; அதன் உடல் செல்லில் 20 குரோமோசோம்கள். தந்தை கருங்கடுகு, 16. கடுகில் இரண்டும் கூடி 36. இந்த உறவுமுறையைத் தாவர மரபியலாளர் வூ ஜாங் சுன் 1935இல் வெளியிட்டார். அதே கலப்பினத்தை நாமும் கையால் உருவாக்கலாம்.

ராபாவையே தாயாக வையுங்கள். மாற்றி வைத்தால் பொதுவாக விதை பிடிப்பது குறைகிறது. மறுநாள் மலரப்போகும் மொட்டைத் திறந்து, நான்கு நெட்டையும் இரண்டு குட்டையுமாக உள்ள ஆறு மகரந்தத்தாள்களையும் இடுக்கியால் எடுங்கள். ஒரு மகரந்தப்பை உடைந்து தூள் கொட்டினாலும் அந்த மொட்டைக் கிள்ளிவிடுங்கள். கொத்தில் மலர்ந்த பூவும் மிஞ்சிய மொட்டும் இருக்கக் கூடாது. பிறகு கருங்கடுகின் புது மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, உறையிட்டு, தேதிச் சீட்டைக் கட்டுங்கள்.

பெரும்பாலான காய்கள் சூம்பிவிடும். கரு உண்டான பிறகும் அதற்கு உணவூட்டும் முளைசூழ்தசை குலைந்து, ஊட்டமின்றிச் சாகிறது. பதினைந்து நாள் வாக்கில் சூல்களை எடுத்து, கிருமி நீக்கிய எம்.எஸ். (முராஷிகே–ஸ்கூக்) சத்து ஊடகத்தில் வளர்த்தால் சிலவாவது தப்பும்.

கிடைக்கும் செடியில் 18 குரோமோசோம்கள்: பத்து ஒரு பக்கம், எட்டு மறுபக்கம். மகரந்தமும் சூலும் உருவாகும் குன்றல் பிரிவில் குரோமோசோம்கள் ஜோடி சேர முடியாததால் மகரந்தம் மலடாகிறது. இங்கேதான் குரோமோசோம்களின் இரட்டிப்பு தேவை. இயற்கையில் இது எப்போதாவது தானே நேரும். நாம் இரட்டிப்பைத் தூண்டும் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறோம். 0.1 முதல் 0.2 சதவீதக் கரைசலில் நனைத்த பஞ்சை இரண்டிலை நாற்றின் குருத்தில் வைத்து, தினம் ஆறு மணி நேரம், மூன்று நாள் காயாமல் பாருங்கள். இது கொடிய விஷம், கையுறை கட்டாயம்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். மருந்து குருத்தில்தான் பட்டது, வேரில் அல்ல. அதனால் அதே செடியின் வேர்நுனியில் எண்ணினால் 18தான் தெரியும். செடியிலும் ஒரு கிளை மட்டுமே இரட்டித்திருக்கலாம். ஒவ்வொரு கிளையின் மகரந்தத்தையும் அசிட்டோகார்மின் என்ற சிவப்புச் சாயத்தில் இட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: நன்றாகச் சிவந்து உருண்டிருப்பவை உயிருள்ளவை, சுருங்கி வெளிறியவை மலடு. நல்ல கிளையில் தன்மகரந்தம் சேர்த்து எடுத்த விதையின் வேர்நுனியில் 36 எண்ணுங்கள். 35, 37 என வருபவற்றைக் கழித்துவிடுங்கள்.

கடைசியாக, இது ராபாவிலிருந்து வேறான இனம்தானா என்று அறிய, புதுச் செடியை ராபாவோடு கலந்து பாருங்கள். 28 குரோமோசோம் கொண்ட, விதை மிகக் குறைந்த செடிகள்தான் வரும். இந்தியக் கடுகோடு கலந்தாலோ காய் நிறையும்.