பாதிக் கோப்பும் முழுக் கோப்பும்: மருத்துவக் காப்புறுதித் தரவை அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அக்கா, போய்விட்டது."

கிண்ணியாவிலிருந்து வரும் தம்பி ஒருவர் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். சென்ற மாத இறுதியில் முதல் தடவையாக உறுப்பினர் பட்டியலைத் தரவேற்றிவிட்டு அவர் இப்படிச் சொன்னபோது எனக்கு நெஞ்சு பதைத்தது. திரையில் நூறு வீதம் என்று காட்டியிருந்தது. அங்கே முழுதாகச் சேர்ந்ததா, எத்தனை வரி சேர்ந்தது, சேர்ந்தது என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விகளுக்கு என்னிடமும் பதில் இருக்கவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

திருகோணமலையில் இருந்துகொண்டு, பல நிறுவனங்களின் ஊழியர் பட்டியல்களையும் மருத்துவச் செலவுக் கோரிக்கைகளையும் காப்புறுதி நிறுவனங்களுக்கு மின்வழியாக அனுப்பிவைப்பது எங்கள் வேலை. புதியவர்கள் வரும்போதெல்லாம் அதே தவறுகளும் கூடவே வருகின்றன. கடவுச்சொல்லை மேசையில் ஒட்டிவைப்பது, நோயறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்புவது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை தவறு என்பது செய்கிறவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்பவற்றைப் பற்றித்தான் என் கவலை.

## பட்டியலை எக்செல்லில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அனுப்புவது

இலங்கையில் 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் இருக்கின்றன. முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளிகளால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செல்லில் சொடுக்கித் திறந்தால், 12 இலக்க எண்ணை அது பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டுகிறது. அந்நிலையில் சேமித்தால் சுருங்கிய வடிவமே கோப்பில் எழுதப்படும். முதல் ஆறு இலக்கங்கள் எஞ்சும், மிச்சம் போய்விடும். அதாவது ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே பத்து நாட்களுக்குள் பிறந்த ஆண்கள் அனைவருக்கும் ஒரே அடையாள எண் வந்துவிடுகிறது. தமிழில் எழுதிய பெயர்களோ சாதாரண சிஎஸ்வி ஆகச் சேமிக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

பார்க்க வேண்டுமென்றால் நோட்பேட் போன்ற எழுத்துத் தொகுப்பியில் திறந்து பாருங்கள். சேமிக்காமல் மூடுங்கள்.

## பாதிக் கோப்பை முழுக் கோப்பாக ஏற்க விடுவது

இதைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன்.

உறுப்பினர் பட்டியலை இரண்டு விதமாக அனுப்பலாம். மாற்றங்களை மட்டும் அனுப்புவது ஒன்று: இவர் சேர்ந்தார், இவர் விலகினார். ஒவ்வொரு மாதமும் முழுப் பட்டியலையும் அனுப்புவது மற்றது. இரண்டாவதில் ஒரு சொல்லப்படாத விதி ஒளிந்திருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர் வேலையை விட்டுவிட்டார் என்று மறுமுனையில் இருக்கும் காப்புறுதி நிறுவனத்தின் கணினி எடுத்துக்கொள்ளும். அன்றிரவே அவருடைய காப்புறுதியை முடித்துவிடும். பெயரை நீக்கும்படி யாரும் கேட்கத் தேவையில்லை. பெயர் வராமல் இருந்தாலே போதும்.

2022 மார்ச் 31 வியாழக்கிழமை. நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்த காலம். ஏப்ரல் மாதப் பட்டியல் அன்றே போக வேண்டும். மின்சாரம் இருந்த சிறு இடைவெளியில் தரவேற்றத்தைத் தொடங்கினேன். பாதியில் மின்சாரம் நின்றது. மின்கலத்தில் கணினி ஓடிக்கொண்டிருந்தாலும் இணைய இணைப்பு அறுந்துவிட்டது. இரவு இணைப்பு மீண்டதும் மென்பொருள் தானாகவே திரும்ப அனுப்பி முடித்திருந்தது. மறுநாள் காலை பதிவேட்டில் நூறு வீதம். முகாமையாளரிடம் "போய்விட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

மறுமுனையில் நடந்தது வேறு. அவர்களுடைய மென்பொருள் கால்மணிக்கு ஒரு தடவை கோப்புறையைத் துழாவும். சரியான பெயரில் கோப்பு இருந்தால் எடுத்துக்கொள்ளும். எங்கள் பாதிக் கோப்பின் பெயர் சரியாகவே இருந்தது. எடுத்துக்கொண்டது. இரவில் முழுக் கோப்பு அதே பெயரில் வந்தபோது, இது ஏற்கெனவே வந்ததன் நகல் என்று ஒதுக்கித் தள்ளிவிட்டது.

பட்டியல் ஊழியர் எண் வரிசையில் இருந்தது. ஆகவே மேலே இருந்த பழைய ஊழியர்கள், அதிகாரிகள், கணக்காளர்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். கீழே இருந்தவர்கள் அறுபட்டார்கள்: அண்மையில் சேர்ந்தவர்கள், சமையற்கூட உதவியாளர்கள், காவலாளிகள். முறையிடத் தெரிந்தவர்கள் எவரும் பாதிக்கப்படாததால் பல நாட்கள் ஒருவருக்கும் விடயம் தெரியவில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம், நிலாவெளியில் ஒரு விடுதியில் காவலாளியாக இருந்தவர் தன் மனைவியைப் பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்காகத் தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. கருமபீடத்தில் இருந்தவர்கள் அவருடைய எண்ணைத் தட்டிப் பார்த்து, காப்புறுதி மார்ச் 31 உடன் முடிந்துவிட்டது என்றார்கள். வேலை போய்விட்டதோ என்றுதான் அவருக்கு முதலில் பயம் வந்திருக்கிறது. தன் ஊரான மூதூருக்குத் திரும்பிப் போய், மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார்.

அவர் எங்களுக்குத் தொலைபேசியில் பேசியபோது நான் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நூறு வீதம். "ஐயா, உங்கள் பெயர் போயிருக்கிறது, பிழை எங்கள் பக்கம் இல்லை" என்று சொன்னேன். இரண்டு நாட்கள் காப்புறுதி நிறுவனத்தோடு வாதாடினேன். மூன்றாம் நாள் அவர்கள் வரிகளின் எண்ணிக்கையை அனுப்பினார்கள். நாங்கள் அனுப்பியதில் பாதிகூட இல்லை. சத்திரசிகிச்சைக்குக் கட்டிய பணம் பின்னர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அடகு வட்டி கிடைக்கவில்லை. அவரிடம் நான் சொன்ன அந்த வாக்கியம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம் என்றால் வழியில் யாரும் படிக்காமல் காப்பது என்று மட்டுமே நமக்குப் படிகிறது. நாங்கள் கோப்பு அனுப்பப் பயன்படுத்தும் எஸ்எஃப்டிபி என்ற முறை அதைத் திறம்படச் செய்கிறது. ஆனால் கோப்பு எழுதி முடியும்வரை எடுக்காதே என்று மறுமுனைக்கு அது சொல்வதில்லை. மூதூர்ப் படகு துறையைத் தொட்டுக் கயிறு கட்டுமுன் யாரும் இறங்குவதில்லையே. அந்தக் கயிற்றை நாம்தான் கட்ட வேண்டும்.

முதலில், கோப்பை இறுதிப் பெயரில் தரவேற்றாதீர்கள். மறுமுனை தேடாத ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்த பிறகு பெயரை மாற்றுங்கள். ஒரே கோப்புறைக்குள் பெயர் மாற்றுவது நொடிப்பொழுதில் நடந்து முடிவது. பாதிப் பெயர்மாற்றம் என்று ஒன்று இல்லை. இந்த ஒரு மாற்றம் மட்டும் அன்று இருந்திருந்தால் அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்காது.

அடுத்தது, கோப்பின் கடைசி வரியில் மொத்த எண்ணிக்கையை எழுதுங்கள். அந்த எண்ணிக்கை வரி இல்லாத கோப்பை ஏற்கவே கூடாது என்று மறுமுனையோடு எழுத்தில் உடன்பாடு செய்யுங்கள். இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி உறுப்பினர் சேர்க்கைக்குப் பயன்படும் 834 என்ற கோப்பு வடிவத்தில், ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் அதற்குள் எத்தனை கூறுகள் இருக்கின்றன என்று எழுதியே ஆக வேண்டும். கிடைத்தது, ஏற்றேன் அல்லது நிராகரித்தேன் என்று பதில் சொல்வதற்கென்றே 999 என்ற தனிக் கோப்பு அங்கே உண்டு. நாமும் பதில் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். எண்ணிக்கையோடு பதில் வரும்வரை "போய்விட்டது" என்ற சொல் எங்கள் அலுவலகத்தில் இப்போது அனுமதிக்கப்படுவதில்லை.

மூன்றாவது, பெறுகிறவர்களிடம் கேட்க வேண்டியது: ஒரே நாளில் வழக்கத்துக்கு மாறாகப் பலர் நீக்கப்படுவதாகத் தெரிந்தால் கணினி நிற்க வேண்டும்; ஒரு மனிதர் பார்த்த பிறகே தொடர வேண்டும். இதற்குப் பங்காளர்கள், அதாவது கோப்பைப் பெறும் நிறுவனங்கள், சம்மதிப்பதுதான் மிகக் கடினம். நேரம் போகும், ஆள் இல்லை என்பார்கள். விடாதீர்கள்.

தரவேற்றம் அறுந்தால்தான் கோப்பு குறையும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வுகூடங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்துக்குள் எடுத்தது. அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. அதற்குக் கீழிருந்தவை சத்தமில்லாமல் விழுந்தன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி தாமதமானது. அனுப்பியதையும் பெற்றதையும் எண்ணி ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

## கோப்பைக் குறியாக்கம் செய்யாமல், பாதையை மட்டும் நம்புவது

எஸ்எஃப்டிபி பாதையைக் காக்கிறது. கோப்பு மறுமுனையில் இறங்கியதும் அந்தக் காவல் முடிந்துவிடும். பெறுகிறவர் தரும் பொதுத் திறப்பால் (பூட்ட மட்டும் உதவுவது; திறக்கும் திறப்பு அவரிடமே இருக்கும்) கோப்பையே பூட்டி அனுப்புங்கள். அறுபட்ட கோப்பு அப்போது சரியாகத் திறக்காது என்பது கூடுதல் நன்மை. அன்று எங்களிடம் அந்த வழக்கம் இருக்கவில்லை.

## கேட்டதற்கு மேல் கொடுப்பது

2007 ஒக்டோபரில் பிரித்தானிய வரித் திணைக்களம், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் தரவை இரண்டு இறுவட்டுகளில் தேசியக் கணக்காய்வு அலுவலகத்துக்கு அனுப்பியது. பதிவுத் தபாலில்கூட இல்லை. கடவுச்சொல் இருந்தது, குறியாக்கம் இருக்கவில்லை. இறுவட்டுகள் தொலைந்தன. 2.5 கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாம் அதில் இருந்தன. என்னை அதிரவைப்பது இன்னொன்று: வங்கி விபரங்களை நீக்கித் தாருங்கள் என்று கணக்காய்வு அலுவலகம் முன்னரே கேட்டிருந்தது. நீக்கும் வேலைக்குச் செலவாகும் என்று அப்படியே அனுப்பினார்கள்.

நம்மிடமும் இதே சோம்பல் இருக்கிறது. ஊழியர் பட்டியலைக் கேட்டால் சம்பள நிரலையும் நோய் விபர நிரலையும் சேர்த்தே அனுப்புகிறோம். எங்களுடைய 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகைத் தரவாகவே பார்க்கிறது. தேவையில்லாத நிரலை அனுப்புமுன் அழியுங்கள்.

## சேவையகத்தின் கைரேகையைப் பாராமல் "ஆம்" கொடுப்பது

முதல் தடவை இணையும்போது மறுமுனைச் சேவையகம் தன் கைரேகையை, அதாவது தன்னை அடையாளம் காட்டும் எழுத்து வரிசையை, காட்டும். அதைப் பங்காளரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். பின்னொரு நாள் கைரேகை மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், பழைய பதிவை அழித்துவிட்டுத் தொடர்கிறவர்களே அதிகம். அநேகமாக அவர்கள் சேவையகத்தை மாற்றியிருப்பார்கள். அநேகமாக என்பது போதாது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அப்போது வந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம்.

## ஒரே கணக்கை எல்லோரும் பயன்படுத்துவது

வேண்டாம். யார் அனுப்பியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

## உண்மையான நோயாளிகளின் தரவில் சோதனை ஓட்டம் பார்ப்பது

ஒருபோதும் வேண்டாம்.

## பரிமாற்றச் சேவையகத்தைக் களஞ்சியமாக்குவது

2023 மே மாதத்தில் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில், அதுவரை வெளியே தெரியாத ஓட்டை ஒன்றைக் குளோப் என்ற குற்றக்குழு பயன்படுத்தியது. அமெரிக்காவில் அரச சுகாதாரத் திட்டங்களுக்கு நிர்வாகப் பணி செய்யும் மாக்சிமஸ் நிறுவனம், தன்னிடமிருந்த தரவால் மட்டுமே 80 லட்சம் முதல் 1.1 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. அந்த ஓட்டையை அனுப்புகிறவரால் அடைத்திருக்க முடியாது. ஆனால் அங்கே இல்லாத கோப்பை எவராலும் திருட முடியாது. எண்ணிக்கையோடு பதில் வந்த அன்றே சேவையகத்திலிருந்து கோப்பை அழித்துவிடுங்கள். எங்களோடு வேலை செய்யும் உப்புவெளித் தங்கை ஒருத்தி சென்ற வாரம் எங்கள் பழைய கோப்புறையைத் திறந்தபோது மூன்று ஆண்டுப் பட்டியல்கள் அங்கே கிடந்தன. அன்று மதியச் சாப்பாடு பிந்தியது. அழித்து முடித்த பிறகுதான் எழுந்தோம்.

## திறப்பின் காலாவதித் திகதியை மறப்பது

நீண்ட விடுமுறைக்கு முதல் வாரமே பார்த்துவிடுங்கள். தைப்பொங்கல், சித்திரை, வெசாக், தீபாவளி நாட்களில் புதிய திறப்பை அனுப்ப மறுமுனையில் ஆள் இருக்கமாட்டார்கள்.