அடிக்கடி நின்றுபோகும் பழைய மடிக்கணினி: மலையக வீடுகளுக்கான வழிகாட்டி

எட்டுப் பத்து வருடங்கள் உழைத்த மடிக்கணினி திடீரென அணைவதும், மறுபடி இயக்கினால் சற்று நேரம் ஓடிவிட்டு மீண்டும் அணைவதுமாக இருந்தால், பலர் உடனே விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவப் பார்க்கிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. வன்தட்டு பழுதாகியிருந்தால் அந்த முயற்சியே அதில் மிஞ்சியிருப்பதையும் அழித்துவிடும். கோளாறு சூட்டிலோ மின்சாரத்திலோ இருந்தால் நிறுவியும் பயனில்லை. ஆகவே, கணினி ஓடுகிற முதல் அரைமணி நேரத்தைப் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளையும், குடும்பப் படங்களையும், அடையாள ஆவணங்களின் பிரதிகளையும் பென் டிரைவிலோ வெளித்தட்டிலோ பிரதி எடுப்பதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்து ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நேரத்தையும், அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும், சார்ஜர் செருகியிருந்ததா என்பதையும், நின்ற விதத்தையும் எழுதிவையுங்கள். நின்ற விதமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். எந்தச் செய்தியும் காட்டாமல் விளக்கை அணைத்ததுபோல் நின்றால் சூட்டையோ மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். நீலத் திரை தோன்றினால் நினைவகம் (ரேம்), வன்தட்டு, டிரைவர் (வன்பொருளை இயக்க உதவும் மென்பொருள்) ஆகிய மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும். திரையின் அடியில் வரும் குறியீட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டி அசையாமல் உறைந்து, வன்தட்டு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தால் வன்தட்டையே முதலில் பார்க்க வேண்டும். கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கேர்னல் பவர் 41’ என்ற பதிவைக் கண்டு மின்வழங்கி பழுது என்று முடிவுகட்டுவோர் உண்டு. கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது; ஏன் நின்றது என்பதைச் சொல்லாது.

நுவரெலியா, தலவாக்கலை போன்ற குளிர்ந்த ஊர்களில், "இந்தக் குளிரில் கணினி எப்படிச் சூடாகும்?" என்று கேட்பார்கள். ஆனால் சூட்டினால் நிற்கும் கணினிகள் இங்கே குறைவில்லை, அதற்குக் காரணமும் குளிர்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் அமர்ந்து, கணினியை மடியிலோ போர்வையிலோ வைத்துப் படிப்பதால் அடியிலுள்ள காற்றுத் துவாரங்கள் அடைபடுகின்றன; கம்பளி இழைகளும், விறகடுப்பு எரியும் லயத்து வீடுகளில் கரித்தூளும் உள்ளே போய், விசிறிக்கும் அதன் முன்னுள்ள உலோகத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சுபோல் படிந்துவிடுகின்றன. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதையும், அடர்த்தி குறைந்த காற்று வெப்பத்தைச் சற்றுக் குறைவாகவே எடுத்துச் செல்லும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

எச்டபிள்யூமொனிட்டர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவி, ஒரு காணொளியை அரைமணி நேரம் ஓடவிட்டுச் செயலியின் (புரோசசரின்) வெப்பநிலையைக் கவனியுங்கள். பெரும்பாலான இன்டெல் மடிக்கணினிச் செயலிகளுக்கு எல்லை ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ். அதை நெருங்கும்போது செயலி தானாக வேகத்தைக் குறைக்கும், மேலும் ஏறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சுத்தம் செய்ய, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, பற்றரியின் இணைப்பையும் விலக்கிய பிறகு, விசிறியின் இதழைக் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் பஞ்சை வெளியே எடுங்கள். வெளியிலிருந்து ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும். ஐந்து வருடங்களுக்கு மேலான கணினி என்றால், செயலியின் மேலுள்ள, வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கக்கூடும். பழையதைத் துடைத்துவிட்டுப் பச்சைப் பயறு அளவு புதிதாக வைத்தால் போதும்.

மின்சாரத்தைச் சோதிப்பது எளிது. ஒரு நாள் பற்றரியில் மட்டும், மறுநாள் சார்ஜருடன் ஓட்டிப் பாருங்கள். சார்ஜர்கள் வழக்கமாக 100 முதல் 240 வோல்ற்றுவரை ஏற்கும் என்பதால் மின்னழுத்தம் மெதுவாகக் குறைவதைத் தாங்கும்; ஆனால் பற்றரி செத்துப்போன கணினியில், வீட்டு விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினாலே எல்லாம் அணைந்துவிடும். அத்தகைய கணினிக்கு வேண்டியது நல்ல பற்றரி மட்டுமே. சார்ஜரின் முனையை இலேசாக அசைத்தால் சார்ஜ் விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா என்றும் பாருங்கள். தொடுபலகை மேலெழுந்தோ அடிப்பக்கம் புடைத்தோ இருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது. அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி தொடங்குமுன் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஆளியை அணைப்பது மட்டும் போதாது.

ஈரப்பதம் மெதுவாகக் கெடுக்கும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கணினியை, கேத்தல் கொதிக்கும் சமையலறைக்குக் கொண்டுவந்ததும் இயக்கினால், உள்ளே உலோகத்தில் நீர் படிந்திருக்கக்கூடும். ஒரு மணி நேரம் மூடியபடியே விட்டுவிட்டு இயக்குங்கள். நினைவக அட்டையின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கினால் நீலத் திரை அடிக்கடி வரும். அட்டையைக் கழற்றி, முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மறுபடி பொருத்தி, ‘விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்’ சோதனையை ஓட்டுங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதை இன்னும் நம்பலாம்.

வன்தட்டின் நலத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். ‘எச்சரிக்கை’ என்று வந்தாலோ, டக் டக் என்ற ஒலி கேட்டாலோ, திருத்த முயலாமல், அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத சேமிப்புத் தட்டு) ஒன்றைப் பொருத்துங்கள்.

இவற்றுக்குப் பிறகும் காரணம் புலப்படாவிட்டால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அதிலும் நின்றால் கோளாறு வன்பொருளில் இருக்கிறது. நிற்காவிட்டால், வன்தட்டு நலமாக இருக்கும் பட்சத்தில், விண்டோஸையோ அதன் டிரைவரையோ சந்தேகிக்கலாம். இப்போது புதிதாக நிறுவுவதில் அர்த்தமுண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதாலும், விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை என்பதாலும், அந்த லினக்ஸையே நிறுவிக்கொள்வது படிப்புக்கும் எழுத்துவேலைக்கும் போதுமானது என்பது என் கருத்து.

கடைக்குக் கொடுக்க நேர்ந்தால் அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். தாய்ப்பலகை பழுது என்று சொன்னால், திருத்துவதற்கு ஒப்புக்கொள்ளுமுன், அந்தச் செலவுக்குப் பயன்படுத்திய வேறு கணினி ஒன்று கிடைக்குமா என்று விசாரியுங்கள். எது எப்படியானாலும் வன்தட்டை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.